நாலு கிரெடிட் தாரணி

மூன்றே முக்கால் மணி அடித்து ஓய்வதற்குள் தாரணியின் கால்கள் செருப்புக்குள் போய்விடும். பத்தாம் வகுப்பு பி பிரிவுக்குக் கடைசி பீரியடு விளையாட்டு. மற்றப் பெண்கள் த்ரோபால் பந்துக்கு அடித்துக்கொள்ளும் நேரத்தில் அவள் பையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறுவாள். முன்வாசலில் போனால் காவல்காரரிடம் அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும். காட்டுவதில் கஷ்டமில்லை, அவர் அதைத் தினமும் புதிதாகப் பார்ப்பதுபோல உரக்கப் படிப்பதுதான் கஷ்டம். "காலேஜு" என்ற இடம் வந்ததும் நிறுத்தி, அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்.

அங்கிருந்து இருபத்தைந்து நிமிட நடை. மைசூரில் மர நிழலுக்குப் பஞ்சமில்லை என்றாலும் அவள் நிழல் பார்த்து நடப்பவள் இல்லை. சரஸ்வதிபுரம் திரும்பும் இடத்தில் ஒரு தையல்கடை உண்டு. அதன் பக்கவாட்டுச் சந்தில் நின்று, பையிலிருந்து அம்மாவின் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்து, பள்ளிச் சீருடைக்கு மேல் போட்டுக் கழுத்துவரை பித்தானை மாட்டிக்கொள்வாள். மாசி வெயிலிலும் இது நடக்கும். யாராவது கேட்டால் சொல்வதற்கு "சளி" என்று ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறாள். ஜூலையிலிருந்து இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

வயது பதினைந்து. காலையில் உயர்நிலைப் பள்ளி, மாலையில் கல்லூரி. இப்படியும் உண்டா என்று கேட்பவர்களுக்கு: மைசூரில் ஒரே ஒரு கல்லூரியில், இந்த ஒரே ஒரு வருடம் உண்டு. அமெரிக்காவில் சில காலம் இருந்துவிட்டு வந்த அந்தக் கல்லூரி முதல்வருக்கு ஒரு யோசனை தோன்றியது. கெட்டிக்காரப் பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேரைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்து, முதல் வருட பி.எஸ்ஸி. புள்ளியியல் வகுப்பில் உட்காரவைப்பது. வருடக் கடைசியில் பரீட்சை. தேறினால் நாலு கிரெடிட். அதாவது, பின்னால் பட்டப்படிப்புக்கு வரும்போது அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டாம். இப்போதே படித்தாயிற்று என்று பெயருக்கு நேரே எழுதிவைத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய விஷயம், நாலு கிரெடிட் வாங்கிய பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு முடிந்ததும் பி.யு.சி. என்கிற பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு அங்கேயே இடம் நிச்சயம். நன்கொடை கிடையாது, சிபாரிசு கிடையாது.

அப்பா சுப்பையா கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகை அடிக்கிறவர். ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து காந்திநகரில் குடியிருக்கிறார். கிரெடிட் என்றால் என்னவென்று மகள் அவருக்கு விளக்கினாள். "புரியுது கண்ணு. கீழ்வீடு கட்டறப்பவே மேல்மாடிக்குக் கம்பிய நீட்டி விட்டு வெக்கறமல்ல, அந்தமாதிரி" என்றார்.

ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்த அம்மா சுந்தராம்பாள் தலையை நிமிர்த்தவில்லை. "கம்பிய விட்டா வெரசா மாடியக் கட்டிப்போடோணும். இல்லீன்னா மழைல நனஞ்சு துருப்புடிக்கும்" என்றாள்.

பொறுக்கி எடுத்தது ஆறு பேரை. கல்லூரிகளில் முதல் பெஞ்ச் எப்போதும் காலியாகத்தான் இருக்கும் என்பதால் இடத்துக்குச் சிரமமில்லை. ஆறு பேரும் முதல் இரண்டு பெஞ்சுகளில் அடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று புள்ளியியலைக் கடைசி மணிக்குத் தள்ளியதால், கல்லூரிப் பிள்ளைகள் அறுபது பேரும் திங்கள் முதல் வியாழன்வரை ஐந்தேகால் மணிவரை இருந்துதான் ஆகவேண்டும். முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆறு பேர்மேல் அவர்களுக்கு எவ்வளவு பிரியம் இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தசராவுக்குள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். தீபாவளி முடிந்ததும் இன்னும் இரண்டு பேர். எஸ்.எஸ்.எல்.சி. வருடம் அல்லவா, டியூஷனுக்குப் போகவேண்டாமா என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள், கேட்கக்கூடியதுதான். கடைசியில் மிஞ்சியது தாரணியும் காவேரி என்ற வேறொரு பள்ளிப் பெண்ணும். காவேரிக்குக் கணக்கு வருவதைவிடச் சிரிப்பு சுலபமாக வரும். லெக்சரர் பசவராஜ் "ப்ராபபிலிட்டி" என்று சொல்லும்போதெல்லாம் இரண்டு பேரும் பெஞ்சுக்குக் கீழே ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொள்வார்கள். டிசம்பர் நடுவில் காவேரியும் வரவில்லை. தாரணி இன்னும் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்காருகிறாள். ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் நாலு பேருக்கான இடம் அப்படியே கிடக்கிறது. நகர்ந்து நடுவில் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை.

பள்ளிக்கூடத்திலும் கதை ஏறக்குறைய இதுதான். ஒரு வகுப்பில் நடக்கவேண்டிய முக்கியமான காரியங்கள் எல்லாம் கடைசி பீரியடில்தான் நடக்கின்றன. சண்டை, சமாதானம், பட்டப்பெயர் வைப்பது, யார் யாரோடு பேசக்கூடாது என்ற தீர்மானம் எல்லாமே மைதானத்தில்தான் முடிவாகும். மறுநாள் காலையில் ஒருத்தி ஒரு வார்த்தை சொல்ல, வகுப்பே குபீரென்று சிரிக்கும். தாரணியும் சிரிப்பாள், ஒரு விநாடி தாமதமாக. அவளைத் தோழிகள் "மேடம்" என்று அழைக்கத் தொடங்கிப் பல மாதமாகிறது. முதலில் கேலிக்காகச் சொன்னார்கள். இப்போது பழக்கத்தில் சொல்கிறார்கள், அதுதான் அவளுக்கு வலிக்கிறது. சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த நிலை. சேறும் ஒட்டவில்லை, தண்ணீரும் ஒட்டவில்லை.

படிக்கிற பாடத்தை வீட்டில் செய்துபார்க்கிற பைத்தியம் அவளுக்கு உண்டு. முப்பது நாள் டவுன் பஸ் எவ்வளவு தாமதமாக வந்தது என்று குறித்துவைத்து, "சராசரி ஏழு நிமிஷம் லேட்டும்மா" என்று அறிவித்தாள். பஸ்ஸில் வருகிறவளுக்கே அது தெரியும் என்றாள் அம்மா. குழாயில் தண்ணீர் வரும் நேரம், தெருவில் போகும் பால்காரர் மணி அடிக்கும் தடவை என்று அவள் எதையும் விட்டுவைப்பதில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் யாருக்கும் காட்டாத ஒரு கணக்கு இருக்கிறது. ஜனவரி மாதத்தில் கல்லூரிக்குப் போன பதினாறு நாளில், அங்கே அவளோடு பேசியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. பதினொரு நாள் யாருமில்லை. மூன்று நாள் ஒருவர். இரண்டு நாள் இரண்டு பேர். பேசியவர்களில் நாலு பேர் பேனா கேட்டவர்கள், மீதிப்பேர் மணி கேட்டவர்கள். சராசரி அரைக்கும் கீழே.

வீட்டில் இதைச் சொல்வதில்லை. "அங்க உனக்கொரு சோடி இல்லியா கண்ணு?" என்று அம்மா ஒருநாள் கேட்டதற்கு, நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். அறுபது பேர் இருக்கிறார்கள் என்பது பொய்யில்லை அல்லவா.

பொங்கலுக்குக் கொள்ளேகாலிலிருந்து பெரியப்பா முறையான அய்யாசாமி வந்தார். பட்டு நூல் வியாபாரம் செய்கிறவர். ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு முதல் பேச்சு அவர் வாயிலிருந்துதான் வரும். சுப்பையா மகள் காலேஜ் போகிறாள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். காலேஜ் என்றால் பதினெட்டு, பதினெட்டு என்றால் ஜாதகம் என்று அவர் மனசில் கணக்குத் தானாக ஓடிவிட்டது. சாமராஜநகரில் ஒரு பையன், அரசாங்க வேலை, நல்ல இடம் என்று ஆரம்பித்தார்.

"அதுக்குப் பதினஞ்சுதானுங்கண்ணா ஆகுது. பள்ளிக்கோடத்துல படிக்குது" என்றார் சுப்பையா.

"காலேஜுக்குப் போகுதுன்னாங்க?"

"அங்கயும் போகுதுங்க."

அய்யாசாமி காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஒரே பெண் ஒரே வருடத்தில் இரண்டு இடத்திலும் படிக்கமுடியும் என்பதை அவர் நம்பவில்லை. தம்பி தன்னிடமே வயதைக் குறைத்துச் சொல்கிறான் என்று முடிவுகட்டிவிட்டார். கடைசியில் பெரிய மனசு பண்ணி, மே மாதம்வரை பொறுக்கலாம் என்றார். அதற்குள் அடுத்த வருடத்துக்கு நல்ல காலேஜில் இடம் என்று காகிதத்தில் காட்டினால் தான் வாயைத் திறப்பதில்லை. இல்லாவிட்டால் ஜாதகத்தை எடுத்துவிடவேண்டும். அண்ணன் சொல்லுக்கு மறுசொல் பேசிப் பழகாத சுப்பையா தலையை ஆட்டினார். உள்ளே இருந்த தாரணிக்கு எல்லாம் கேட்டது. அன்றிலிருந்து நாலு கிரெடிட் என்பது அவளுக்குப் பாடக் கணக்கு மட்டுமல்ல.

இங்கே பசவராஜைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல மனிதர், கூச்சக்காரர், சாக்பீஸ் தூசி படிந்த சட்டைக்காரர். வருகைப் பதிவுக்கு இரண்டு நோட்டு கொண்டுவருவார். தடித்த நோட்டில் கல்லூரிப் பிள்ளைகள் அறுபது பேர். மெல்லிய நோட்டில் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேர். முதலில் அறுபதையும் கூப்பிட்டு முடித்து, பிறகு மெல்லியதைத் திறப்பார். காவேரி நின்ற மறுநாள் அவர் அதைத் திறந்து, ஒற்றைப் பெயரைக் கூப்பிட்டு, "ப்ரெஸென்ட் சார்" என்ற ஒற்றைக் குரலைக் கேட்டு மூடியபோது பின்பெஞ்சில் யாரோ கை தட்டினார்கள். தாரணியின் காது சிவந்துவிட்டது. அதைப் பார்த்த அவர், அடுத்த வகுப்பிலிருந்து மெல்லிய நோட்டைக் கொண்டுவரவில்லை. அறுபதாவது பெயரைக் கூப்பிட்டதும் முதல் பெஞ்ச் பக்கம் பார்த்து, இருக்கிறாயா என்பதுபோல ஒருதரம் தலையை அசைப்பார். அவளும் அசைப்பாள். பெண் குழந்தைக்கு ஒரு சங்கடம் குறைந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் அறைக்குப் போய்க் குறித்துக்கொள்வார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரு வாத்தியாரிடம் போய், "சார், என்னைக் குறித்தீர்களா?" என்று கேட்கிற வழக்கம் அவளுடைய பள்ளியில் கிடையாது.

பிப்ரவரி கடைசி வியாழன், கடைசி வகுப்பு. பத்தாம் வகுப்புக்குப் படிப்பு விடுமுறை தொடங்கியதால் அன்று மத்தியானமே பள்ளியை விட்டுவிட்டார்கள். ஹால் டிக்கெட் வாங்கலாம் என்று தாரணி நேராகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனாள். திங்கட்கிழமை பரீட்சை. அங்கே மல்லம்மா என்ற எழுத்தர் பட்டியலை இரண்டு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு மெல்லிய நோட்டைத் தேடி எடுத்துப் பிரித்தார். டிசம்பர் பதினாறுக்குப் பிறகு வெள்ளைத் தாள். எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது என்று மல்லம்மா கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். அவர் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தாரணி மனசுக்குள் வகுத்து முடித்திருந்தாள். அறுபத்தாறு சதவீதம்.

பசவராஜ் ஓடி வந்தார். வெள்ளைத் தாளைத் தானே இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். தவறு தன்னுடையது, அவள் ஒருநாள்கூடத் தவறவில்லை என்று சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே; பழைய தேதிகளுக்கு இப்போது கையெழுத்துப் போடுவது விதிப்படி செல்லாது என்றார் மல்லம்மா. முதல்வருக்குத் தொலைபேசியில் சொல்லிக் கேட்டார்கள். அவர் ஒரு வழி சொன்னார். இந்தப் பெண் தினமும் வகுப்பில் இருந்தாள் என்று அந்த வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், நான் ஒப்புதல் தருகிறேன் என்றார். அலுவலகம் மூடுவதற்குள் தரவேண்டும்.

பத்துப் பேர். வேறு யாருக்காவது இது ஒரு விஷயமா? கேண்டீனுக்குள் ஒரு சுற்று வந்தால் முடிந்தது. தாரணி அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் நின்றாள். எட்டு மாதம் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த அறுபது பேரில் ஒருவரிடம்கூட அவள் தானாகப் போய்ப் பேசியதில்லை. வேப்பமரத்தடியில் வகுப்புப் பையன்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். பக்கத்தில் போய் வாயைத் திறப்பதற்குள் ஒருவன் அவளுடைய சீருடையையும் கையிலிருந்த காகிதத்தையும் பார்த்தான். ஏதோ பள்ளிக்கூட நிதிக்கு வசூல் என்று நினைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் காகிதத்தின்மேல் வைத்தான். அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். ஸ்வெட்டர் பைக்குள்ளேயே இருந்தது. பதற்றத்தில் அதை மாட்ட மறந்திருந்தாள். மாடிப்படிக்குக் கீழே போய் அழுதாள். பரீட்சைக்காக அழவில்லை, அய்யாசாமி பெரியப்பாவுக்காகவும் அழவில்லை. தன்னைப் பார்த்ததாகச் சொல்ல ஒரு ஆள் இல்லையே என்று அழுதாள்.

நாலேகாலுக்கு வகுப்பு நிரம்பியது. பசவராஜ் வேண்டுமென்றே ஐந்து நிமிடம் தாமதித்தார். தான் முன்னால் நின்றால் பிள்ளைகள் தனக்காகக் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும் என்று அவருக்கு ஒரு நியாயம். தாரணி மேடைக்குப் போய் நின்று, அந்த அறையின் முகங்களை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். கன்னடத்தில் நாலு வாக்கியம் தயார்செய்து வந்திருந்தாள். அதில் இரண்டுதான் வெளியே வந்தன. தான் இந்த வகுப்பில் இருந்ததாகக் கையெழுத்து வேண்டும் என்பது மட்டும் எப்படியோ எல்லோருக்கும் புரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த வகுப்பம்மா நீ என்று ஒருவன் அன்பாகவே கேட்டான். கொத்தில்லா, கொத்தில்லா என்று, தெரியாது என்பதைப் பெஞ்சு பெஞ்சாகச் சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாவது பெஞ்சிலிருந்த ஸ்நேஹா என்ற பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். ரயில்வே உத்தியோகக் குடும்பத்துத் தமிழ்ப்பெண்; "கொஞ்சம்" என்பதற்குக் கன்னடத்து "சொல்ப"தான் அவள் வாயில் வரும். "ஏய், தமிழா நீ? சொல்ப அந்தப் பக்கம் திரும்பி நில்லும்மா" என்றாள்.

தாரணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"அட, நம்ம ரிப்பன்" என்றாள் ஸ்நேஹா.

அறை முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. ரிப்பன், ரிப்பன் என்று ஆணும் பெண்ணுமாகச் சொன்னார்கள். பள்ளி விதிப்படி இரட்டைப் பின்னலை மடித்து, காதுக்குப் பின்னால் நீல ரிப்பனால் பெரிய பூவாகக் கட்டியிருந்தாள். எட்டு மாதமாக அறுபது பேரும் கரும்பலகையைப் பார்த்தபோதெல்லாம் குறுக்கே தெரிந்தது அந்த இரண்டு நீலப் பூக்கள்தான். சீருடையை ஸ்வெட்டருக்குள் மறைத்தவளுக்குத் தன் முதுகுப்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. ரிப்பன் வராத நாளே கிடையாது என்றான் ஒருவன். ரிப்பன் எழுத ஆரம்பித்தால்தான் நானும் எழுதுவேன், அதுவரை சார் சொல்வது முக்கியமில்லை என்று விட்டுவிடுவேன் என்றான் இன்னொருவன். காகிதம் கடைசிப் பெஞ்சுக்குப் போயிற்று. சிரிப்பும் பேனாச் சத்தமும் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தன. திரும்பலாம் என்று யாரும் சொல்லாததால் தாரணி கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றிருந்தாள். தன்னைப் பார்த்திருக்கிறார்கள் என்பது சந்தோஷமாக இருந்தது. தன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியவில்லை என்பதும் கூடவே உறுத்தியது.

பசவராஜ் உள்ளே வந்து இரண்டையும் புரிந்துகொண்டவர்போல, உட்காரம்மா என்றார். காகிதம் அவளுடைய பெஞ்சுக்கு வந்துசேர்ந்தது. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் முப்பத்தேழு கையெழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டிருந்தது. கேட்டது பத்துதான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா, காத்திருக்கிறேன் என்று அவர் கதவைக் காட்டினார்.

தாரணி எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு பெயராகக் கடைசிவரை படித்தாள். பிறகு பேனாவைத் திறந்து, அந்த வரிசைக்குக் கீழே முப்பத்தெட்டு என்று எண் போட்டு, தன் கையெழுத்தையும் போட்டாள்.